பிஎச்பி நிரலாளரின் அன்றாடக் கருவிகள்: எந்த வரிசையில், எப்படிக் கைக்கொள்வது

இணையப் பக்கங்களை இயக்கும் பிஎச்பி மொழியில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கற்றுக்கொள்ளும் வழுநீக்கும் (நிரல் பிழை நீக்கும்) முறை, சந்தேகப்படும் வரிக்கு மேலே மாறியின் மதிப்பை அச்சிடும் ஒரு 'வார் டம்ப்' போட்டு, அடுத்த வரியில் நிரலை அங்கேயே நிறுத்தும் 'டை' என்று எழுதி, பக்கத்தை மறுபடி திறந்து பார்ப்பதுதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் காலம் தள்ளினேன். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் தம் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதத் தொடங்கி 1995இல் பொதுவில் வெளியிட்ட இந்த மொழியின் கவர்ச்சியே, கோப்பைச் சேமித்த மறுகணம் உலாவியில் விளைவைக் கண்டுவிடலாம் என்பதுதான். அதனாலேயே தனியாக ஒரு கருவிப்பெட்டி வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு நெடுநாள் எழவில்லை. இன்று நிலைமை தலைகீழ். கருவிகள் அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நடுத்தர அளவு பிஎச்பி நிரலைக் கையில் வைத்திருப்பவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உதாரணத்துக்கு, ஒரு புத்தகக் கடையின் ஆர்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம்: வாடிக்கையாளர் பெயர், முகவரி, தள்ளுபடிக் குறியீடு ஆகியவற்றை வாங்கி மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் சேர்க்கும் பக்கம் அது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள் என்பது என் பரிந்துரை. முன்படி சரியாக இல்லாதபோது பின்படிக் கருவிகள் பொய்யான தகவலைத் தரும்.

முதல் படி: எந்த பிஎச்பி ஓடுகிறது?

டெர்மினலில் ஓடும் பிஎச்பியும் இணையப் பக்கத்தை இயக்கும் பிஎச்பியும் ஒன்றே என்று நம்பி அரை நாளைத் தொலைக்காத நிரலாளர் அரிது. உபுண்டு, டெபியன் கணினிகளில் 8.3 பதிப்பை நிறுவினால் பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும்: கட்டளை வரிக்கு 'சிஎல்ஐ' கோப்புறையில் ஒன்று, இணையப் பக்கங்களை இயக்கும் பிஎச்பி சேவைக்கு 'எஃப்பிஎம்' கோப்புறையில் மற்றொன்று. நினைவக வரம்பை முதலாவதில் உயர்த்திவிட்டு, பக்கம் ஏன் இன்னும் நினைவகம் போதவில்லை என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது அங்கேதான் தொடங்குகிறது.

டெர்மினலில் 'பிஎச்பி' என்று அடித்து, இரட்டைக் கோடிட்டு 'ஐஎன்ஐ' என்று சேர்த்தால், எந்தக் கோப்பு படிக்கப்படுகிறது என்று அது சொல்லிவிடும்; ஒற்றைக் கோடும் சிறிய 'எம்' எழுத்தும் சேர்த்தால் ஏற்றப்பட்டுள்ள எக்ஸ்டென்ஷன்களின் (பிஎச்பியோடு சேர்க்கும் கூடுதல் கூறுகளின்) பட்டியல் வரும். இணையப் பக்கத்துக்கு உரியதை அறிய, 'பிஎச்பி இன்ஃபோ' என்ற ஒற்றைச் செயற்கூற்றை மட்டும் கொண்ட கோப்பை உலாவியில் திறந்து, ஏற்றப்பட்ட அமைப்புக் கோப்பு எது என்ற வரியைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். உங்கள் சர்வரின் உள்விவரம் முழுவதும் அதில் இருக்கிறது. அமைப்பை மாற்றிய பின் எஃப்பிஎம் சேவையை ரீலோட் செய்யாவிட்டால் மாற்றம் நடப்புக்கு வராது.

பதிப்பு எண்ணையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஒரு புதிய பதிப்பு வருகிறது. அதற்கு முதல் இரண்டு ஆண்டுகள் வழுத் திருத்தங்களும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமும் கிடைக்கும். 2020 நவம்பரில் வந்த 8.0 பதிப்புக்கு முந்தைய 7 வரிசையில் நீங்கள் இன்னும் இருந்தால், இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அங்கிருந்து வெளியேறுவதற்கான முன்னேற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: பிழைகளைப் பதிவு செய்தல்

வெள்ளைப் பக்கம் மட்டும் தெரிகிறது, வேறொன்றும் இல்லை என்ற நிலைக்குக் காரணம் பெரும்பாலும் பிழைச்செய்தி காட்டப்படாமலும் எழுதப்படாமலும் போவதுதான். பிஎச்பியுடன் அமைப்புக் கோப்பின் இரண்டு மாதிரிகள் வருகின்றன. ஒன்று நிரல் எழுதும் கணினிக்கு, மற்றொன்று மக்கள் பயன்படுத்தும் சர்வருக்கு. இரண்டிலும் 'லாக் எரர்ஸ்' இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். 'டிஸ்ப்ளே எரர்ஸ்' முதலாவதில் மட்டும் இருக்கலாம். 'எரர் லாக்' என்ற அமைப்பில் கோப்பின் முழுப் பாதையையும் நீங்களே எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் அதை வெறுமையாக விட்டால் செய்தி என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சர்வரின் பதிவுக்குள் போய்ச் சேரும், புதியவர் அங்கே தேட மாட்டார்.

பிறகு ஒரு டெர்மினல் சாளரத்தில், கோப்பில் சேரும் புதிய வரிகளை உடனுக்குடன் காட்டும் 'டெயில்' கட்டளையை 'எஃப்' குறியுடன் அந்தப் பதிவுக் கோப்பின் மீது ஓடவிட்டு, திரையின் ஓரத்தில் நாள் முழுதும் திறந்தே வையுங்கள். இலவசமான, நிறுவத் தேவையில்லாத கருவிகளில் இதற்கு இணையாக எனக்கு எதுவும் தெரியாது.

மூன்றாம் படி: கம்போசர்

நில்ஸ் ஆடர்மன், ஜோர்டி பொக்கியானோ ஆகியோரின் முயற்சியில் 2012இல் வெளிவந்த கம்போசர், பிறர் எழுதிய லைப்ரரிகளை உங்கள் நிரலுக்குள் கொண்டுவரும் கருவி. பேக்கஜிஸ்ட் என்ற பொதுத் தொகுப்பிலிருந்து அது இறக்கிக் கொடுப்பவை 'வெண்டர்' கோப்புறையில் சேர்கின்றன. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் இந்தக் கோப்புறையைச் சேர்க்கக் கூடாது, கம்போசர்.ஜேசன், கம்போசர்.லாக் ஆகிய இரண்டையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இந்த இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வதுதான் கம்போசரில் பாதி. ஜேசன் கோப்பு உங்கள் விருப்பத்தைச் சொல்கிறது: கூரைக் குறியுடன் 2.3 என்று எழுதினால் 2.3 முதல் 3.0க்கு முன்புவரை எதுவானாலும் சரி என்று பொருள். லாக் கோப்பு நடந்ததைச் சொல்கிறது: இன்ன லைப்ரரியின் இன்ன பதிப்பே நிறுவப்பட்டது என்று. 'கம்போசர் இன்ஸ்டால்' லாக் கோப்பைப் படித்து அதே பதிப்புகளை இறக்குகிறது. 'கம்போசர் அப்டேட்' ஜேசனைப் படித்து, புதிதாகக் கணக்கிட்டு, லாக் கோப்பை மாற்றி எழுதுகிறது. ஆகவே சர்வரில் ஒருபோதும் 'அப்டேட்' ஓட்டாதீர்கள். லாக் கோப்பே இல்லாத இடத்தில் 'இன்ஸ்டால்' ஓட்டினால் அதுவும் 'அப்டேட்' போலவே நடந்துகொள்ளும். என் கணினியில் ஓடிய நிரல் சர்வரில் ஓடாமல், வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் காரணம் தேடி, கடைசியில் லாக் கோப்பு கிட்டின் விலக்குப் பட்டியலில் இருந்ததைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, புதிய திட்டம் எதைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

புதிய லைப்ரரிக்கு 'கம்போசர் ரெக்வயர்'. நிரல் எழுதும்போது மட்டும் தேவைப்படுவனவற்றுக்கு அதோடு 'டெவ்' குறி. ஒரு லைப்ரரி ஏன் உள்ளே வந்தது என்று 'கம்போசர் ஒய்' சொல்லும். நீங்கள் கேட்கும் பதிப்பை எது தடுக்கிறது என்று 'ஒய்-நாட்' சொல்லும். இந்த இரண்டும் பலருக்குத் தெரிவதில்லை. பதிப்பு முரண்பாட்டுச் செய்தியைப் பத்து வரி படித்தும் புரியாதபோது இவைதான் கைகொடுக்கும். 'கம்போசர் ஆடிட்' நிறுவப்பட்டவற்றில் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் உள்ளனவா என்று பார்க்கும்; அதை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

உங்கள் சொந்த வகுப்புகளையும் கம்போசரே ஏற்றிக்கொள்ளும். பிஎஸ்ஆர்-4 என்ற பொது விதிமுறைப்படி, வகுப்பின் பெயர்வெளியும் கோப்புறையும் ஒத்திருந்தால், கோப்புகளைச் சேர்க்கும் 'ரெக்வயர்' வரிகளை நீங்கள் எழுதவே தேவையில்லை. இங்கே ஒரு பொறி உண்டு. கோப்பின் பெயரில் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதை விண்டோஸும் மேக்கும் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். உங்கள் மடிக்கணினியில் நன்றாக ஓடிய வகுப்பு, சர்வரில் 'வகுப்பு காணப்படவில்லை' என்ற செய்தியுடன் விழுந்தால் முதலில் கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

நான்காம் படி: உள்ளூர் சர்வர்

2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே பிஎச்பிக்குள் ஒரு சிறிய வலைச் சர்வர் இருக்கிறது. 'பிஎச்பி' என்று அடித்து, கோடும் பெரிய 'எஸ்' எழுத்தும் சேர்த்து, லோக்கல்ஹோஸ்ட்டையும் 8000 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் போதும். சோதித்துப் பார்க்க மட்டுமே அது. மக்களுக்குத் திறந்துவிடக் கூடாது. தரவுத்தளமும் சேர்ந்து வேண்டுமென்றால் விண்டோஸில் ஜாம்ப் அல்லது லாராகன் எளிது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும் திட்டத்துக்கு, நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரை, அல்லது டாக்கரின் மேல் இயங்கும் டிடெவ் என்ற கருவியைப் பரிந்துரைப்பேன். சர்வரில் உள்ள அதே பிஎச்பி பதிப்பும் அதே மைஎஸ்கியூஎல் பதிப்பும் எல்லாருடைய கணினியிலும் இருக்கும்.

கூடவே மெயில்பிட் என்ற சிறு கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் நிரல் அனுப்பும் மின்னஞ்சல்களை 1025 போர்ட்டில் பிடித்துவைத்து, 8025 போர்ட்டில் உலாவிப் பக்கமாகக் காட்டும். சோதனை அஞ்சல் ஒன்று உண்மையான வாடிக்கையாளருக்குப் போய்விடும் சங்கடம் ஒருமுறை நேர்ந்தவருக்கு இதன் அருமை தெரியும்.

ஐந்தாம் படி: எக்ஸ்டீபக்

டெரிக் ரெதன்ஸ் உருவாக்கிப் பராமரித்துவரும் எக்ஸ்டீபக், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நீங்கள் குறித்த வரியில் நிறுத்தி, அந்தக் கணத்தில் எல்லா மாறிகளும் எப்படி இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்டென்ஷன். உபுண்டுவில் அதைத் தொகுப்பாகவே நிறுவலாம்; விண்டோஸில் பிஎச்பி இன்ஃபோ பக்கத்தின் வெளியீட்டை எக்ஸ்டீபக் தளத்தில் உள்ள நிறுவல் உதவிப் பக்கத்தில் ஒட்டினால், எந்தக் கோப்பை இறக்கி எங்கே வைப்பது என்று அது சொல்லும். அமைப்புக் கோப்பில் 'மோட்' என்பதற்கு 'டீபக்' என்றும், 'ஸ்டார்ட் வித் ரெக்வெஸ்ட்' என்பதற்கு 'டிரிகர்' என்றும் எழுதுங்கள். பிறகு உலாவியில் எக்ஸ்டீபக்கின் உதவி நீட்சியை நிறுவி, வேண்டும்போது மட்டும் அதை இயக்கிக்கொள்ளலாம். எடிட்டர் பக்கத்தில், பிஎச்பிஸ்டார்மில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. விஎஸ் கோடில் 'பிஎச்பி டீபக்' நீட்சி தேவை.

பலர் இந்த இடத்தில் கைவிடுவதற்குக் காரணம், இணைப்பின் திசையைத் தவறாகப் புரிந்துகொள்வதுதான். எடிட்டர் சர்வரைத் தேடிப் போவதில்லை. பிஎச்பிதான் எடிட்டரைத் தேடி வருகிறது. ஆகவே எடிட்டர் முதலில் காத்திருக்கும் நிலையில் இருக்க வேண்டும், பிஎச்பிக்கு எடிட்டர் இருக்கும் கணினியின் முகவரி தெரிந்திருக்க வேண்டும். டாக்கருக்குள் பிஎச்பி ஓடினால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பது டாக்கர் பெட்டியையே குறிக்கும். வெளிக்கணினியைக் குறிக்கும் டாக்கரின் தனிப்பெயரைத்தான் 'கிளையன்ட் ஹோஸ்ட்' அமைப்பில் எழுத வேண்டும். போர்ட் 9003. 2020இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு முன் அது 9000 ஆக இருந்ததால், இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பின்பற்றுகிறவர்கள் இன்றும் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி நம் ஆர்டர் பக்கம். பிஎச்பி 7 காலத்தில் இத்தகைய ஒரு நிரலை நான் பராமரித்தபோது, தள்ளுபடிக் குறியீடுகளில் சில வேலை செய்தன, சில செய்யவில்லை. '20பொங்கல்' என்று அடித்தால் விலை குறைந்தது. 'பொங்கல்20' என்று அடித்தால் குறையவில்லை. தரவுத்தளத்தில் இரண்டும் இருந்தன. வார் டம்ப் இரண்டையும் சரியாகவே காட்டியது. தள்ளுபடிச் செயற்கூற்றின் முதல் 'இஃப்' வரியில் பிரேக்பாயின்ட் (நிறுத்தும் புள்ளி) வைத்து, குறியீட்டை அனுப்பி, ஒரு வரி முன்னேற்றும் 'ஸ்டெப் ஓவர்' பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். குறியீடு 'பொங்கல்20' என்று மாறிகளின் பலகையில் தெளிவாக நிற்கையிலேயே, அம்புக்குறி 'குறியீடு இல்லை' என்ற கிளைக்குள் நுழைந்தது. அந்த வரியில் குறியீட்டைப் பூஜ்யத்தோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தார்கள். பிஎச்பி 7இல் அத்தகைய ஒப்பீட்டில் சரம் எண்ணாக மாற்றப்படும். எண்ணில் தொடங்காத எந்தச் சரமும் பூஜ்யமாகிவிடும். பூஜ்யமும் பூஜ்யமும் சமம். '20பொங்கல்' மட்டும் 20 ஆகித் தப்பித்தது. பிஎச்பி 8 இந்த விதியை மாற்றி, எண் வடிவில் இல்லாத சரத்தோடு ஒப்பிடும்போது எண்ணையே சரமாக்குகிறது. எனவே அங்கே இந்த வழு சத்தமில்லாமல் மறைந்துவிடும், பழைய விதியை நம்பி எழுதிய வேறு ஏதோ ஒன்று அதே சத்தமின்மையோடு உடையவும் கூடும். மதிப்பின் வகையையும் சேர்த்து ஒப்பிடும் மூன்று சமக்குறி இட்டு, பூஜ்யத்தை மேற்கோளுக்குள் வைத்ததும் வேலை முடிந்தது.

எக்ஸ்டீபக் நிரலின் வேகத்தைக் குறைக்கும். மக்கள் பயன்படுத்தும் சர்வரில் அதை வைக்காதீர்கள்.

ஆறாம் படி: பிஎச்பிஸ்டான்

மேலே சொன்ன வழுவை நிரலை ஓட்டாமலேயே பிடித்திருக்கலாம். ஒண்ட்ரே மிர்டெஸ் எழுதிய பிஎச்பிஸ்டான், நிரலைப் படித்து மட்டுமே பார்த்து, இல்லாத செயற்கூற்றை அழைப்பது, 'நல்' (மதிப்பே இல்லாதது) ஆக வாய்ப்புள்ள பொருளின் மீது செயல்புரிவது போன்றவற்றைச் சொல்லும். கம்போசர் வழியாக 'டெவ்' குறியுடன் நிறுவி, 'பிஎச்பிஸ்டான் அனலைஸ்' என்று எழுதி, உங்கள் நிரல் இருக்கும் கோப்புறையைக் கொடுங்கள். கண்டிப்பின் அளவு 0 முதல் 10 வரை. ஒன்றும் சொல்லாவிட்டால் 0. ஐந்தாம் நிலையில் செயற்கூறுகளுக்கு அனுப்பும் மதிப்புகளின் வகை சரியா என்று பார்க்கிறது, எட்டாம் நிலையில் 'நல்' குறித்த கண்டிப்பு வருகிறது. இரட்டைச் சமக்குறியையே குற்றமாகக் கருத வேண்டுமென்றால் அதன் கண்டிப்பான விதிகளுக்கான துணைத் தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பழைய நிரலின் மீது முதன்முறை எட்டாம் நிலையில் ஓட்டினால் நூற்றுக்கணக்கில் குற்றச்சாட்டு வரும், மனம் உடைந்துபோகும். அதற்குத்தான் 'பேஸ்லைன்' வசதி: இன்றைய குற்றங்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதி ஒதுக்கிவைத்துவிட்டு, இனி எழுதப்படும் புதிய வரிகளில் மட்டும் கண்டிப்பு காட்டச் சொல்லலாம். ஒதுக்கிய கோப்பு மாதத்துக்கு மாதம் சுருங்குகிறதா என்று பாருங்கள். ஐந்தாம் நிலையில் தொடங்குவது என் வழக்கம். அதற்குக் கீழே தொடங்கினால் பயன் குறைவாகத் தெரிந்து, கருவியையே மறந்துவிடுகிறோம்.

ஏழாம் படி: சோதனைகள், தமிழ்ப் பெயர் ஒன்று

செபாஸ்டியன் பெர்க்மன் உருவாக்கிய பிஎச்பியூனிட்டே இன்றும் அடிப்படைச் சோதனைக் கருவி. அதன் மேல் எழுப்பப்பட்ட பெஸ்ட், எழுதுவதற்குச் சற்று இலகுவானது. எல்லாவற்றுக்கும் சோதனை எழுதுவேன் என்று சபதம் செய்யாதீர்கள். வழு ஒன்று பிடிபடும் ஒவ்வொரு முறையும், திருத்துவதற்கு முன்னால், அந்த வழுவை மீண்டும் நிகழ்த்திக்காட்டும் ஒரு சோதனையை எழுதுங்கள். அது சிவப்பாக விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே திருத்துங்கள்.

தமிழில் பெயர் வாங்கும் படிவங்களுக்கு இது இன்னும் அவசியம். நம் ஆர்டர் பக்கத்தில் பெயர் 30க்கு மேல் போகக் கூடாது என்று 'ஸ்டிரெலன்' கொண்டு சரிபார்த்திருந்தால், 'முத்துலட்சுமி' என்ற பெயர் மிக நீளம் என்று திருப்பி அனுப்பப்படும். ஸ்டிரெலன் எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆவதால் முத்துலட்சுமிக்கு 39 வருகிறது. 'எம்பி ஸ்டிரெலன்' யுனிகோடு குறியீடுகளை எண்ணி 13 என்கிறது, ஏனெனில் உகரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. 'கிராஃபீம் ஸ்டிரெலன்' மட்டுமே, நாம் பள்ளியில் எண்ணியதுபோல, மு-த்-து-ல-ட்-சு-மி என்று 7 எழுத்துகளைத் தருகிறது. இது 'ஐஎன்டிஎல்' என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்ந்தது; முதல் படியில் சொன்ன பட்டியலில் அது உள்ளதா என்று பாருங்கள். பெயரைச் சுருக்கிக் காட்டும் இடங்களிலும் 'சப்ஸ்டிரிங்' வகைச் செயற்கூறுகளில் கிராஃபீம் என்று தொடங்குவதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் எழுத்து நடுவில் வெட்டுப்பட்டுக் கேள்விக்குறிகளாகத் தெரியும்.

அதே எக்ஸ்டென்ஷனில் 'நார்மலைசர்' என்ற வகுப்பும் இருக்கிறது. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் மூன்று சமக்குறி இரண்டையும் வேறு என்றே சொல்லும். 'கோதை' என்று தேடியும் கோதை கிடைக்கவில்லை என்ற புகார் வந்தால், சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைசரின் வழியாக அனுப்புங்கள். பிஎச்பியூனிட்டின் 'டேட்டா புரோவைடர்' வசதியில் இந்தப் பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாகக் கொடுத்தால், ஒரே சோதனை ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஓடும்.

எட்டாம் படி: மற்றவை

நிரலின் தோற்றத்தை ஒழுங்குபடுத்த பிஎச்பி சிஎஸ் ஃபிக்சர் போதும். பிஎஸ்ஆர்-12 விதிகளை ஏற்றுக்கொண்டு விவாதத்தை முடித்துவிடுங்கள். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு நிரலை மாற்ற ரெக்டர் பெரிதும் உதவும். எதையும் மாற்றாமல், என்ன மாற்றும் என்று மட்டும் காட்டும் அதன் 'டிரை ரன்' முறையில் முதலில் ஓட்டிப் பாருங்கள். தரவுத்தளத்தைப் பார்க்க, ஒரே கோப்பாக வரும் அட்மினர் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பிஎச்பிமைஅட்மின் பழகியவர்கள் அதையே தொடரலாம். இரண்டையும் மக்கள் சர்வரில் திறந்துவைக்காதீர்கள். மெதுவான வினவலுக்கு முன்னால் 'எக்ஸ்பிளெயின்' என்று எழுதி ஓட்டினால், மைஎஸ்கியூஎல் எந்த இன்டெக்ஸைப் பயன்படுத்துகிறது என்பது தெரிந்துவிடும்.

இவற்றில் ஃபிக்சரையும் பிஎச்பிஸ்டானையும், ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தைப் பதிவதற்கும்) முன் தானாக ஓடும் கிட்டின் 'ப்ரீ-கமிட்' கொக்கியில் மாட்டிவையுங்கள். சோதனைகளை அதில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தால் குழுவில் யாராவது கொக்கியைத் தாண்டிச் செல்லும் குறியைக் கண்டுபிடித்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

ஒன்பதாம் படி: சர்வருக்கு ஏற்றுதல்

சர்வரில் கம்போசர் இன்ஸ்டாலை 'நோ-டெவ்' குறியுடனும், வகுப்புகளின் பட்டியலை முன்கூட்டியே தயாரிக்கும் 'ஆப்டிமைஸ் ஆட்டோலோடர்' குறியுடனும் ஓட்டுங்கள். 2013இல் 5.5 பதிப்பிலிருந்து பிஎச்பியுடன் சேர்ந்தே வரும் ஆப்கேஷ், ஓட்டுவதற்கு ஏற்ற வடிவுக்கு மாற்றப்பட்ட நிரலை நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் பக்கங்கள் விரைவாக வரும். கோப்பு மாறியதா என்று பார்க்கும் 'வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ்' அமைப்பை அணைத்துவைத்தால் இன்னும் சற்று வேகம் கிடைக்கும். ஆனால் அதன்பின் நீங்கள் ஏற்றும் புதிய கோப்பை பிஎச்பி கண்டுகொள்ளாது, பழைய பக்கமே வந்துகொண்டிருக்கும். புதிய நிரலை ஏற்றியதும் எஃப்பிஎம் சேவையை ரீலோட் செய்வதை ஏற்றும் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியாகவே எழுதிவிடுங்கள். பிறகு ஒரு சோதனை ஆர்டரை 'முத்துலட்சுமி' என்ற பெயரிலேயே போட்டு, இரண்டாம் படியில் திறந்த பதிவுக் கோப்பை ஐந்து நிமிடம் கவனித்துவிட்டு எழுந்திருங்கள்.